அத்தானைத் தேடிய பச்சைப் பட்டை

சிட்னிக்கு வெளியே, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு இரண்டு காரில் போன சனம் இரண்டு காரிலேயே திரும்பி வந்தது. அத்தான் மட்டும் இரண்டிலும் இல்லை.

முன் காரில் இருந்தவர்கள் அவர் பின் காரில் வருகிறார் என்று நினைத்தார்கள். பின் காரில் இருந்தவர்கள் அவர் முன் காரில், முன் சீற்றில், வாயைத் திறந்தபடி நித்திரை என்று நினைத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் கோயிலுக்குப் போனால் அப்படித்தான். போகும்போது ஒரு காரில் ஏறியவர் வரும்போது இன்னொன்றில் வருவார். பிள்ளைகள் மாறி ஏறும், செருப்பு மாறும், புளிச்சாதப் பெட்டி யாரோ ஒருவரின் மடியில் சூட்டோடு வரும். தலைகளை எண்ணுகிற பழக்கம் இல்லை. சொந்தம் என்றால் எண்ணாமலே சரியாக இருக்கும் என்றொரு நம்பிக்கை. மெரிலேண்ட்ஸ் வீட்டு வாசலில் எல்லாக் கதவுகளும் திறந்து, எல்லாரும் இறங்கி முடிந்த பிறகுதான் அக்கா கேட்டாளாம்: "இந்த மனிசன் எங்க?"

கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒரு அன்ரியிடம் அவர் "போட்டு வாறன்" என்று விடைபெற்றிருக்கிறார். சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி நடந்திருக்கிறார். அதைத் தாண்டினால் காடு. வாறன் என்று சொல்லிப் போகிறவரை யார் மறிப்பது?

நான் அப்போது ட்ருகனினாவில், ஒரு வெயார்ஹவுஸின் மேல்தட்டு அறையில் இருந்தேன். பெட்டிகள் எந்தத் தட்டில் கிடக்கின்றன, எந்த லொறியில் ஏறின என்று சொல்லும் புரோகிராம்களை எழுதுவது என் சீவியம். கண்ணாடிக்கு வெளியே மேற்கு மெல்பேணின் தட்டையான வானம், அதன் கீழே தகரக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் ஒன்றைப்போல ஒன்றான புது வீடுகள். போன் அதிர்ந்தது. மருமகள். அக்காவின் ஒரே பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ், இங்கே பிறந்து வளர்ந்தவள்.

"மாமா, அப்பா மிஸ்ஸிங். நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போறேல்லை. எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் செய்தி சொன்னதில்லை. எங்களுக்குத் தெரிந்தது வேறு வழி. செத்தவருக்குக் 'கொஞ்சம் ஏலாது' என்போம். 'ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனால் நல்லம்' என்போம். கேட்பவர் பிளேனில் ஏறி, இறங்கி, வாசலில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியைத் தானே கண்டு விளங்கிக்கொள்ள வேண்டும். அத்தானுக்கு மறதி தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'வயசு'. வங்கி அட்டையைப் பிரிட்ஜில் வைத்தது வயசு. தன் தெருவிலேயே நின்று தன் தெரு எது என்று கேட்டது வயசு. யாரும் விசாரித்தால், "அவருக்கென்ன, கல்லுமாதிரி இருக்கிறார்."

அடுத்த நாள் காலை முதல் பிளேனில் சிட்னியில் இறங்கினேன். குளிர்காலம். வீதியில் மூச்சு புகையாகப் போயிற்று. அத்தானின் மூச்சு எங்கே புகைகிறதோ, புகைகிறதோ இல்லையோ என்று நினைத்தபடி டாக்சியின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன்.

வீடு செத்தவீடுமாதிரி இருந்தது. அப்படி இருக்கக்கூடாது என்று எல்லாரும் முயற்சி செய்ததால் இன்னும் கூடுதலாக அப்படி இருந்தது. சனம் இடியப்பத் தட்டும் சொதி வாளியுமாக வந்து குசினியை நிரப்பியிருந்தது. விறாந்தையில் இரவல் கதிரைகள். ஒரு அங்கிள் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "பரமட்டா ஸ்ரேசனில ஒராள் அவரைக் கண்டதாம், வெள்ளைத் தாடியாம்," என்றார்.

"அவருக்குத் தாடி எங்கயிருந்து அங்கிள்? நேற்றுத்தானே சவரம் எடுத்தவர்," என்றாள் அக்கா. அழுகையில் அல்ல, எரிச்சலில். "ஒரு இரவில முளைக்கிறதுக்கு அது என்ன முருங்கையே?"

யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

காட்டில் பொலிஸ் நின்றது, ஆரஞ்சு உடுப்புத் தொண்டர்கள் நின்றார்கள், மருமகளின் வயதுப் பெடியள் நாலைந்து கார் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தேடுதலை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் மணிக்கொருதரம் மருமகளுக்குப் போன் எடுத்தாள். விடியப்புறம் பனி கலைந்ததும் தொண்டர்கள் ட்ரோன்களை ஏற்றிப் படம் பிடித்திருக்கிறார்களாம். ஆயிரக்கணக்கான படங்கள். எல்லாவற்றையும் ஒரு இணையத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கண்கள் போதாது.

"அவர் என்ன உடுத்தியிருந்தவர்?" என்று நான் கேட்டேன்.

"வேட்டி. அதுக்கு மேல இவள் வாங்கிக் குடுத்த நீலச் சுவெட்டர்," என்றாள் அக்கா. "கழட்டுங்கோ, கோயிலுக்குள்ள அசிங்கமாக் கிடக்கு எண்டு சொன்னனான். குளிருது எண்டவர். நல்ல காலம் கேக்கேல்லை."

நீலம். பிளாஸ்டிக் வாளியின் நீலம். அந்தக் காட்டில் சாம்பல் உண்டு, எரிந்த கறுப்பு உண்டு, பச்சை என்று சொல்லக் கூச்சப்படும் பச்சை உண்டு. வேட்டியின் வெள்ளை உதவாது. தோல் உரிந்த யூகலிப்டஸ் மரங்கள் எல்லாமே வேட்டி கட்டி நிற்பவைதான். ஆனால் அந்த நீலம் அங்கே முளைப்பதில்லை. படங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக்கி, எந்தத் துண்டில் அந்த நீலம் இருக்கிறது என்று பார்க்க ஒரு இயந்திரத்தால் முடியும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். குசினி மேசையில் இடியப்பத் தட்டுகளைத் தள்ளிவிட்டு லப்டொப்பைத் திறந்தேன்.

பைதானில் எழுதினேன். அசிங்க் முறையில். ஒரு படத்தைக் கேட்டுவிட்டு அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் அடுத்ததைக் கேட்பது, அது வருமுன் அதற்கடுத்ததை. அக்கா எனக்குப் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"அசிங்கமோ?"

"அசிங்க், அக்கா. நீங்கள் தனிய நிண்டு சமைக்கிறமாதிரி. சோறு அடுப்பில கொதிக்கேக்க நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறியளே? வெங்காயம் வெட்டுறியள். வெங்காயம் வதங்கேக்கப் புளி கரைக்கிறியள். ஆள் ஒண்டு, அடுப்பு நாலு."

"ஓம். அதை ஒருத்தரும் கொம்பியூட்டர் எண்டு சொல்லேல்லை," என்றாள்.

புரோகிராமை ஓடவிட்டேன். கறுத்தத் திரை. ஒரு எழுத்தும் இல்லை. எனக்கு அது போதும், முடிந்ததும் அதுவே சொல்லும். அக்காவுக்குப் போதவில்லை. அவள் அந்தக் கறுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கறுப்பைப் பார்த்தாள்.

"இது வேலை செய்யுதோ, செத்துப்போச்சுதோ?"

அந்தச் சொல் அந்த வீட்டில் அன்று முதல்தரம் வாயால் வந்தது. கறுத்தத் திரையைப் பற்றித்தான் கேட்டாள்.

நிறுத்தினேன். ஒரு புரொகிரஸ் பார் போடத் தொடங்கினேன். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை. இடமிருந்து வலமாக நகரும். பக்கத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற எண்ணும், முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்ற ஊகமும். நாங்கள் புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைக் கடைசியில் போடுவோம், பவுடர் பூசுவதுபோல. அன்றைக்கு அதைத்தான் முதலில் சரியாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. காட்டுக்குள் போக முடியாத ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க ஒரு இடம் வேண்டும்.

அசிங்க் முறையில் பட்டை நகர்த்துவது நேரான காரியம் இல்லை. படம் கொண்டுவர எல்லாரையும் அனுப்பிவிட்டு, கடைசி ஆள் திரும்பும்வரை பொறுத்து, எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிவரும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பட்டைக்கு வேலையில்லை, நெடுநேரம் சுழியம், பிறகு ஒரேயடியாக நூறு. மற்ற முறையில், முடித்தவர் முடித்த நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார். யார் முதலில் போனார் என்பதில் ஒன்றும் இல்லை, யார் முதலில் வந்தார் என்பதே கணக்கு. ஒவ்வொரு தட்டலுக்கும் பட்டையில் ஒரு அடி. நான் அதை எழுதினேன்.

பட்டை நகர்ந்தது. அக்கா முன்னால் சாய்ந்தாள். ஏழு என்று காட்டியது, எட்டு. பிறகு நின்றது.

யாரோ மேசையில் வைத்த தேத்தண்ணீர் ஆறியது. பட்டை எட்டிலேயே நின்றது. லப்டொப்பின் விசிறி மட்டும் ஆஸ்துமாக்காரர்மாதிரி இரைந்தது.

"நிண்டிட்டுது," என்றாள் அக்கா. "தம்பி, நிண்டிட்டுது."

"வேலை நடக்குது அக்கா."

"அப்ப ஏன் நிக்குது?"

ஏனென்றால் நான் அவசரத்தில், படங்களில் நீலம் தேடும் வேலையையும் அந்த ஒற்றைச் சமையல்காரியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். இறக்குவது கொதிப்பதுபோல, தானாக நடக்கும். தேடுவது தேங்காய் துருவுவதுபோல, கை விட்டால் நின்றுவிடும். அவள் துருவத் தொடங்கினால் வேறு எந்த அடுப்பையும் திரும்பிப் பார்க்கமாட்டாள். பட்டையை நகர்த்துவதும் அவள்தான். துருவுகிற கையால் நகர்த்த முடியாது. உள்ளே உயிரைக் கொடுத்து வேலை நடக்கிறது, வெளியே பிணம்போலக் கிடக்கிறது. அதைச் சொல்லாமல், "சின்ன பிழை, திருத்துறன்," என்றேன்.

அக்கா எழுந்து குழாயடியில் போய் நின்றாள். தண்ணீரைத் திறந்தாள், கைகளைக் கழுவாமல் நீட்டிக்கொண்டு நின்றாள். மூடினாள். நின்ற பட்டை ஒருவரை என்ன செய்யும் என்று அன்று பார்த்தேன். அவளுடைய கண்ணில் அது திரையில் நிற்கவில்லை. மலையடியில், ஒரு மரத்துக்குக் கீழே, ஒரு நெஞ்சுக்குள் நின்றது.

துருவுகிற வேலையை வேறு கைகளுக்கு, பக்கத்தில் தனியாக ஓடும் வேலையாட்களுக்கு, பிரித்துக் கொடுத்தேன். மறுபடியும் ஓடவிட்டேன். இந்த முறை பட்டை மூச்சு விட்டது. ஒரு நேரம் கொத்தாக ஓடும், ஒரு நேரம் தயங்கும், ஆனால் நிற்காது. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பட்டையோடு சேர்ந்து அவள் தோள்கள் ஏறி இறங்கின.

பிறகு சிவப்பு வந்தது.

ஏதோ ஒரு படம் இறங்கவில்லை. பட்டைக்கு மேலே ஒரு சிவப்பு வரி விழுந்தது, பட்டையை உடைத்துக்கொண்டு. இன்னொன்று. பட்டை இரண்டாகக் கிழிந்து, கீழே புதிதாக ஒன்று முளைத்து, மேலே பழையது அரைகுறையாகத் தொங்கியது.

"என்ன அது சிவப்பு?"

"ஒண்டுமில்லை அக்கா."

"என்ன எழுதிக் கிடக்கு?"

'ஃபெய்ல்ட்' என்று எழுதிக் கிடந்தது. அந்தச் சொல்லை வாசிக்க அக்காவுக்கு என்னுடைய உதவி தேவையில்லை. நான் திரையை மறைத்துக்கொண்டு தட்டினேன். சிவப்பு வரிகளை அச்சிடாதே என்று மாற்றினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படம் வந்தாலும் வராவிட்டாலும், எப்படி முடிந்தாலும், பட்டையை ஒரு அடி நகர்த்து என்றும் எழுதினேன். பைதானில் அதற்கு ஒரே ஒரு சொல் போதும், ஃபைனலி. வெற்றிக்கும் தோல்விக்கும் பொதுவான ஈமக்கிரியைபோல அது, எது நடந்தாலும் நடக்கும். நான் அதை ஒரு பிழை என்று நினைத்துச் செய்யவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு காலைப்பொழுதைச் சிவப்பில்லாமல் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் காலாகாலமாகச் செய்வதைத்தான், விசைப்பலகையில் செய்தேன்.

பட்டை அழகாகப் போயிற்று. ஐம்பது தாண்டிற்று. வந்த சனம் ஒவ்வொருவராக வந்து அக்காவின் தோளுக்கு மேலால் பார்த்தார்கள். அந்த அங்கிள்கூடத் தாடிக்காரரை மறந்துவிட்டு, "இப்ப அறுபத்தி ரெண்டு," என்று விறாந்தைக்குக் குரல் கொடுத்தார். கிரிக்கெட் ஸ்கோர்போல. யாரோ ஒரு அன்ரி பட்டை எழுபதில் இருக்கும்போது திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இடையில் இரண்டு நீலங்கள் வந்தன. ஒன்று யாரோ எறிந்த சிப்ஸ் பை. மற்றது ஒரு வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மூடி. ஒவ்வொன்றும் திறக்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. மூடும்போது விட்டாள்.

மருமகளின் போன் அடித்தது. அந்தத் தேடுதல் பெண். மருமகள் கேட்டுவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மாமா, கோயிலுக்குப் பின்னால ஒரு ஆழமான பள்ளம் இருக்காம், ரெண்டு பக்கமும் பாறையாம். அதுக்குள்ள ஆக்கள் இறங்குறது கஷ்டமாம். ட்ரோன் படங்களில ஒண்டும் இல்லையெண்டா, அந்தப் பக்கம் நிக்கிற ஆக்களை எடுத்து ரெயில் பாதைப் பக்கம் விடப் போறாங்களாம். ஷீ நீட்ஸ் டு நோ. இப்ப."

பட்டை எண்பத்தி நாலு.

"முடியப் போகுது எண்டு சொல்லு," என்றேன்.

அப்போது பட்டை பாய்ந்தது. எண்பத்தி நாலிலிருந்து ஒரே தாவலில் தொண்ணூற்றி ஒன்பது. ஒரு கணம் நின்று, நூறு. 'முடிந்தது' என்று நானே எழுதி வைத்திருந்த சொல் வந்தது. கண்ட நீலங்கள், இரண்டு. சிப்ஸ் பை, தண்ணீர்த் தாங்கி.

விறாந்தையில் யாரோ கைதட்டத் தொடங்கி, எதற்கு என்று விளங்காமல் நிறுத்தினார்கள்.

"ஒண்டுமில்லையோ?" என்றாள் அக்கா.

"ஒண்டுமில்லை," என்றேன். மருமகளிடம் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

அக்கா என் கையைப் பார்க்கவில்லை. பட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தக் காலை முழுவதும் அதைத்தான் பார்த்தவள். நான் பார்க்கவில்லை, நான் எழுதியவன், எழுதியவன் எதையும் பார்ப்பதில்லை.

"இவ்வளவு நேரமும் ஆமைமாதிரிப் போனது," என்றாள், "கடைசியில ஏன் இப்பிடிப் பாய்ஞ்சது?"

எனக்குத் தெரியும். அவள் கேட்கும்போதே தெரிந்துவிட்டது. வேலை செய்து முடித்தவர்கள் ஒரே நொடியில் வந்து கதவைத் தட்டமாட்டார்கள். காத்திருந்து களைத்துக் கைவிட்டவர்கள்தான் ஒரே நேரத்தில் திரும்பி வருவார்கள். ஏனென்றால் எத்தனை வினாடி பொறுப்பது என்று எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தவன் நான்.

"தம்பி."

"சில படங்கள் இறங்கேல்லைப் போல," என்றேன்.

"எத்தினை?"

"பாக்கிறன்."

"இறங்காததையும் சேத்தோ நீ நூறு எண்டு போட்டனி?"

மருமகள் போனைப் பொத்திய கையோடு நின்றாள். போனுக்குள் அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்பது கேட்டது.

"நீங்கள் பயப்படுவியள் எண்டு..."

"எனக்குச் சிவப்பைக் காட்டு," என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. "பெரியண்ணை செத்த நேரம் அவருக்குக் காய்ச்சல் எண்டுதானே என்னைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள். நான் வழி முழுக்க அவருக்கு எண்டு தோடம்பழம் வாங்கி மடியில வைச்சுக்கொண்டு போனனான். வாசலில எல்லாரும் என்ர மடியைப் பாத்தவை. எனக்கு இனி ஒருத்தரும் பச்சை காட்டவேண்டாம். சிவப்பைக் காட்டு."

காட்டினேன். இறங்காத படங்களை எல்லாம் திரையில் கொட்டினேன். அவை அங்கும் இங்குமாக இல்லை. ஒரே தொகுதி. கடைசியாக ஏற்றப்பட்டது. ஒரு தொண்டரிடம் மட்டும் நல்ல கமரா உள்ள பெரிய ட்ரோன் இருந்திருக்கிறது. அவருடைய படங்கள் ஒவ்வொன்றும் மற்றவர்களுடையதைவிடப் பல மடங்கு பெரிது. நான் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டிருந்தேன். அக்கா வீட்டு இணையத்தின் சின்னக் குழாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத்தான் கிடைத்தது. ஒன்றும் நிரம்பவில்லை. எல்லாம் ஒன்றாகத் தாகத்தில் செத்தன.

நல்ல ட்ரோன் உள்ளவரைத்தானே கடினமான இடத்துக்கு அனுப்புவார்கள்.

"பள்ளம்," என்றாள் மருமகள், படங்களின் பெயர்களை என் தோளுக்கு மேலால் வாசித்து. அவள் முகம் வெளிறியது. பிறகு போனைக் காதில் வைத்து இங்கிலீசில், ஒவ்வொரு சொல்லாக, நேர்ஸ்மாரின் குரலில் சொன்னாள்: நாங்கள் பள்ளத்தை இன்னும் பார்க்கவில்லை. பார்த்ததாக நினைத்தோம். பார்க்கவில்லை. ஆட்களை எடுக்கவேண்டாம்.

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார்கள். மருமகள், "ஐ நோ. ஐ நோ. பிளீஸ்," என்றாள்.

நான் மாற்றினேன். ஒரு நேரத்தில் மூன்று படங்களுக்கு மேல் கேட்காதே. பொறுக்கும் நேரத்தைக் கூட்டு. பட்டையை மூன்று நிறமாக்கு. பார்த்ததற்குப் பச்சை, வராததற்குச் சிவப்பு, இன்னும் கேட்காததற்கு வெறும் சாம்பல். வராததை மறுபடி கேள், மறுபடியும் வராவிட்டால் சிவப்பிலேயே விடு, எல்லாரும் பார்க்க.

பட்டை ஊர்ந்தது. அதை ஊர்ந்தது என்றும் சொல்ல முடியாது. மூன்று படங்கள் வரும், ஒரு மெல்லிய பச்சைக் கோடு, நகத்தின் வெள்ளைபோல. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு நகம். ஒன்று சிவந்தது. அக்கா கண்ணை எடுக்கவில்லை. சனம் ஒவ்வொருவராக விறாந்தைக்குப் போய்விட்டது. ஓடுகிற பட்டையை எல்லாரும் பார்ப்பார்கள், ஊர்கிற பட்டையைப் பார்த்திருக்க இரத்த உறவு வேண்டும்.

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டுச் சில பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வேலியோரமாகப் போயின. எந்த நாளும் நடக்கிறதெல்லாம் நடந்தது. எனக்கு எழுந்து அந்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தவேண்டும்போல் இருந்தது. பின்னேரம் விழுந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் அந்தப் பள்ளங்களுக்குள் வெளிச்சம் மற்ற இடங்களுக்கு முன்னமே போய்விடும். இன்னொரு இரவை அவர் தாங்கமாட்டார். மருமகளுக்கு அது ஒரு மருத்துவ உண்மை. யாரும் அதைச் சொல்லவில்லை. பட்டை சொன்னது. 'மீதி நேரம்' என்ற இடத்தில் அது ஒரு எண்ணைப் போட்டது, அழித்தது, பெரிய எண்ணைப் போட்டது, அழித்தது. அதற்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று அது மறைக்கவில்லை.

"இன்ரநெற் குழாயை இன்னும் பெருப்பிக்க ஏலாதோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஏலாது அக்கா."

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து, "விறாந்தையில இருக்கிற ஆக்களை எல்லாம் இன்ரநெற்றை நிப்பாட்டச் சொல்லு. அவையெல்லாம் போனில வீடியோவல்லோ பாக்கினம்."

மருமகள் போய்ச் சொன்னாள். கதிரைகள் அசைந்தன, அந்த அங்கிள், "ஓம் ஓம், ஓஃப், எல்லாரும் ஓஃப்," என்று அதட்டியது கேட்டது. நகத்தின் வெள்ளை கொஞ்சம் அகன்றது. நான் நாள் முழுக்கச் செய்ததில் எதுவும் அவ்வளவு வேகம் கூட்டவில்லை.

பிறகு மூன்றாவது நீலம்.

நான் திறக்கவில்லை. அக்கா கையை நீட்டித் திறந்தாள். திரை முழுவதும் பாறை, சாம்பல் பாறையின் விளிம்பு, அதற்குக் கீழே பன்னத் தாவரங்களின் ஈரப் பச்சை. விளிம்பின் நிழலிலிருந்து ஒரு நீலம் வெளியே வந்து கிடந்தது. ஒரு கை அளவு. நுனியில் ஒரு வெளிறிய புள்ளி. பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க அது சதுரங்களாக உடைந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சதுரங்கள்.

"அவற்ற கை," என்றாள் அக்கா.

அசைகிறதா என்று படம் சொல்லாது. அது விடியப்புறம் எடுத்த படம். அந்தக் கை அதன்பிறகு என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியாது.

மருமகள் இடத்தின் எண்களைப் போனில் வாசித்துக்கொண்டே கார்த் திறப்பைத் தேடினாள். அக்கா செருப்பில்லாமல் இறங்கி, திரும்பி வந்து, யாருடையதோ ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள். நான் எழுந்தேன்.

"நீ இரு," என்றாள் அக்கா வாசலில் நின்று. "அது அவரில்லையெண்டா? நீ இருந்து மற்றதையும் பார்."

இருந்தேன். அது மிகக் கொடிய வேலையாக இருந்தது. கார் போன பிறகு சனமும் மெல்லக் கரைந்தது, ஒவ்வொருவரும் வாசலில் குரலைத் தணித்து, "போட்டு வாறம்," என்றார்கள். யாரோ தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். லப்டொப்பின் விசிறி இரைந்தது. பட்டை ஊர்ந்தது. பச்சையில் நடுநடுவே சிவப்பு, பல்லுப்போன சிரிப்புமாதிரி. நான் அதைப் பார்த்தேன். அக்கா பார்த்ததுபோல, தோள்கள் ஏறி இறங்க, பார்த்தேன். பள்ளத்தின் ஒவ்வொரு படமும் என் கண்ணுக்கு முன்னால் வந்து, நீலமில்லை என்று போயிற்று. ஒவ்வொரு இல்லைக்கும் எனக்கு மூச்சு வந்தது. அவர் இங்கே இல்லையென்றால் அந்தப் பாறைக்குக் கீழேதான் இருக்கிறார். அவர் அங்கேதான் என்றால், எப்படி இருக்கிறார்?

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகத் தொடங்கியபோது போன் அடித்தது. எடுத்தேன். காற்றுச் சத்தம், யாரோ கத்தும் சத்தம், ஹெலிகொப்டரோ ஜெனரேற்றரோ தெரியாத ஒரு இரைச்சல்.

"மாமா," என்றாள் மருமகள். அவளுடைய நேர்ஸ் குரல் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. "மூச்சு இருக்கு. கால் உடைஞ்சிருக்கு. ஹி இஸ் வெரி கோல்ட். ஆனா கதைக்கிறார் மாமா. கதைக்கிறார்."

"என்ன கதைக்கிறார்?"

"அம்மாவைத் தெரியேல்லையாம். நீர் ஆர் பிள்ளை எண்டு அம்மாட்டக் கேக்கிறார்." அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. "அம்மா அவரோட சண்டை பிடிக்கிறா. ஸ்ட்ரெச்சரில வைச்சுச் சண்டை பிடிக்கிறா. கேளுங்கோ."

போனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது, காற்றில் பாதி அள்ளுப்பட்டு: "...தெரியாட்டி இருக்கட்டும்! தெரியாத பொம்பிளை சொல்லுறன், அந்தக் கம்பளியைக் கழுத்துவரைக்கும் இழுங்கோ!"

போன் கட்டானது.

வீட்டில் ஒருவரும் இல்லை. சொல்ல ஆளில்லை. திரையில் பட்டை இன்னும் போய்க்கொண்டிருந்தது, மூன்று மூன்றாக, இனித் தேட ஒன்றுமில்லாத ஒரு காட்டை இறக்கி, துண்டு துண்டாக்கி, நீலம் தேடி. நிறுத்தலாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினால் போதும், வாழ்நாள் முழுக்க நான் யோசிக்காமல் அமத்திய இரண்டு விசைகள். கையை வைத்தேன். அமத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அது போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.